கருப்பம்மாவின் வெள்ளைத்தூள்

இலங்கையின் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கருப்பம்மாவைத் தெரியாத பெண்பிள்ளை இல்லை. சட்டி துலக்கும் தூளை டின்னில் சுமந்துகொண்டு, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் லயமாக வந்து நின்றவள் அவள்தான். நாசமாய்ப் போன அந்தத் தூள் அவளுக்கு என்ன செய்தது என்று கேளுங்கள்.

அவள் உள்ளங்கை முழுக்கக் கீறல். தேயிலையைப் பிடுங்கிய மலைகளில் மண் தேறட்டும் என்று தோட்டத்தில் மானாப்புல் நட்டிருந்தார்கள். அதை வெட்டிப் போடும் வேலை பல வருஷம் அவள் தலையில் விழுந்தது. அந்தப் புல்லைத் தொட்டவர்களுக்குத் தெரியும், பிளேடு தோற்றுப்போகும். கையில் ரத்தம், காலில் அட்டை, தலைக்கு மேல் மழை. புருஷன் செத்த பிறகு அவளுக்கென்று இருந்தது ஒரே மகள், யோகமலர். "நான் பட்டது போதும். எம் புள்ள மலையேறக் கூடாது. நெழல்ல உக்காந்து கஞ்சி குடிக்கணும்" என்று லயமே கேட்கச் சொல்வாள். சாமியிடம் அவள் கேட்டதும் இது ஒன்றைத்தான்.

தோட்டத்தில் வேலை குறைந்த காலத்தில் ரோட்டோரம் ஒரு கல் மில் வந்தது. மலைக்குள்ளிருந்து தோண்டிய வெள்ளைக்கல்லை அங்கே உடைத்து, அரைத்து, கண்ணாடி செய்கிறவர்களுக்கு அனுப்பினார்கள். கருப்பம்மாவுக்கு வெட்டவெளியில் சுத்தியல் வேலை. மெஷினுக்குப் பின்னால் மாவு போல ஒரு தூள் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்தது. ஒருநாள் அதில் கொஞ்சம் முந்தானையில் முடிந்துவந்து சட்டியைத் தேய்த்துப் பார்த்தாள். அம்மாடி! உமிச்சாம்பல் போட்டு மாரடித்தும் போகாத கரி, ஒரே இழுப்பில் போயே போய்விட்டது.

"அடியே மலரு, ஒனக்கு ஒக்காந்த எடத்துலயே ஒரு தொழில் வந்துருச்சுடி!" என்று துள்ளினாள். பழைய நூல் சேலையைக் கிழித்துப் பானை வாயில் கட்டினாள். மகள் தூளைச் சலித்து டின்னில் அடைப்பது, தாய் கொண்டுபோய் விற்பது என்று ஏற்பாடு. ஆனால் ஊவா மலைக்காற்றுப் பொல்லாதது. வாசலைத் திறந்தால் பாதித் தூள் பறந்துவிடும். "கதவச் சாத்துடி! சன்னல்ல சாக்க அடச்சு வையி. எல்லாத்தயும் காத்துக்கா குடுக்கப் போற?" என்று அதட்டுவாள்.

இருந்ததோ லயத்தில் ஒற்றை அறைக் காம்பிரா. அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே பாய். காலையில் சாத்திய கதவு தாய் திரும்பி வந்தால்தான் திறக்கும். உள்ளே புருவமும் இமையும் வெளுத்துப்போய் மகள் உட்கார்ந்திருப்பாள். "மாவு மில்லுல இருந்து வந்தவ மாதிரி இருக்காளே எம் ராசாத்தி" என்று கருப்பம்மா சிரிப்பாள். சிரித்தாளே, பாவி! அவள் வெட்டவெளியில் கல் உடைத்துத் தன் பங்குத் தூளைக் காற்றுக்குக் கொடுத்தாள். மகள் பங்கை ஒரு துளி வெளியே போகாமல் அடைத்து வைத்தாள்.

தூள் தொழில் தொடங்கி மூன்றாவது தீபாவளிக்கு முன்பே மகளுக்கு இருமல் பிடித்தது. படி ஏறினால் மூச்சு இளைத்தது. காசம் என்று லயமே முடிவு கட்டியது. பக்கத்துக் காம்பிரா பெரியாயி தூரத்தில் நின்று சொன்னாள்: "பச்சப்புள்ளைக இருக்கிற லயம்க்கா. கோவிச்சுக்காதீங்க, கதவச் சாத்தியே வச்சுக்கங்க." கருப்பம்மா வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்குள் அந்தப் பெண் இருமிக்கொண்டே சலித்தாள்.

நெஞ்செலும்பு எண்ணுகிற மாதிரி தெரிந்த பிறகுதான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டொக்டர் சிவராசா யாழ்ப்பாணத்துக்காரர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்கட மகள் என்ன வேலை செய்தவ?" என்று கேட்டார். கருப்பம்மா பெருமையாகவே சொன்னாள்.

"இது காசம் இல்லையம்மா, கல்லுத்தூள். மண்ணில இருக்கிற கல்லைப் புல்லும் நெல்லும் தண்ணியோட உறிஞ்சி இலையில, உமியில சேர்த்து வைக்கும். அதாலதான் மானாப்புல் கையை அறுக்கிறது. மலை வெடிப்புக்குள்ள சுடுதண்ணி கரைச்சுக் கொண்டுவந்து இறுக விட்டதுதான் உங்கட வெள்ளைக்கல். புல்லுக்கு அது பலம். நெஞ்சுக்குள்ள போனா நெஞ்சால அதை வெளிய தள்ள ஏலாது. தூளைச் சுத்தித் தழும்பு கட்டும். தழும்பு மூச்சு வாங்காது."

"கரைக்க மருந்து இருக்குமில்லீங்களா ஐயா?"

"இல்லையம்மா."

"மலைக்குள்ளயே கரையுதுன்னீங்களே!"

"மலைக்கு நாள் கிடக்கு. பிள்ளைக்கு இல்லை" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

அன்றைக்கே கருப்பம்மா மிச்சத் தூளையெல்லாம் நனைத்துக் குழி தோண்டிப் புதைத்தாள். பிறகு கடப்பாரையை எடுத்துக் காம்பிராவின் கதவைப் பெயர்த்தாள். பெயர்த்த கதவைத் தரதரவென்று இழுத்துப்போய்த் தேயிலைக்குள் எறிந்தாள். "பைத்தியம் புடிச்சுருச்சு" என்று பெரியாயி வாயைப் பொத்தினாள். சாக்கைப் பிடுங்கிய சன்னலாலும் கதவில்லாத வாசலாலும் காற்று உள்ளே புகுந்து அடுப்பை அணைத்தது, சேலைகளைக் கொடியோடு அள்ளியது. இத்தனை காலம் அவள் விரட்டிய காற்று இப்போது வீடு நிறைய இருந்தது. மகளுக்குத்தான் அதில் ஒரு வாய் எட்டவில்லை.

ஒருநாள், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் நேரம். யோகமலர் தாயின் மடியில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம். கண் திறக்கவில்லை.

"அம்மா... தூளு பறந்தா... பறக்கட்டும்மா. கதவத் தொறந்து விடும்மா."

"தொறக்குறேன் சாமி, இந்தா தொறந்துட்டேன்" என்று கருப்பம்மா மகள் தலையைத் தலையணைக்கு மாற்றிவிட்டு எழுந்து ஓடினாள். வாசலில் போய் நின்றாள். திறப்பதற்கு அங்கே கதவு இல்லை.