ஐயம்பேட்டையில் பார்த்த கறுப்புக் கடிகாரம்

“பேரு தேஞ்சுபோன கடிகாரத்தை அமெரிக்காதுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?” என்று ஒரு மாணவி முன்பு கேட்டாள். தூக்கிப் பார், திருப்பிப் பார் என்றேன். எப்படிப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. பழைய கடிகாரம் தேடிக் கிளம்புகிறவர்களுக்காக இப்போது எழுதுகிறேன்.

1972, ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. வரதன் என்ற பட்டு நெசவாளர் கடிகாரம் விற்கப்போவதாகச் சக ஆசிரியர் சொல்லியிருந்தார். சென்னையில் காலை 6.40 பஸ். காஞ்சிபுரம் எழுபத்தைந்து கிலோமீட்டர். இரண்டேமுக்கால் மணி நேரம், இரண்டரை ரூபாய். அங்கிருந்து ஐயம்பேட்டைக்கு நாற்பது பைசா. வழியெல்லாம் மழை.

வரதனுக்குக் காசநோய். தறியில் உட்கார்ந்து எட்டு மாதமாயிற்று. மனைவி சுலோச்சனாவின் நெசவில்தான் சாப்பாடு. கடிகாரத்தை விற்றால் அவரைத் தாம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம்.

தறியை ஒட்டிய பலகையில் அது இருந்தது. கறுப்பு, இருபுறமும் தூண்கள். குளிர்நாடுகளில் கணப்பு அடுப்புக்கு மேலே வைக்கிற ரகம்.

“கல்லு சார் அது” என்றார் வரதன், படுத்தபடியே.

“ஆமா, கல்லு! தெனம் தூக்கித் தொடைக்கிறவ நானு. தக்கையாட்டம் இருக்குது” என்றாள் சுலோச்சனா.

“வித்துடு. மணி பாத்து நான் எங்க போவப்போறேன்?”

“வாய மூடுய்யா.”

அவள் சொன்னதுதான் சரி. அசல் கல் கடிகாரம் கனக்கும். அமெரிக்கக்காரர்கள் மரப்பெட்டிமேல், மேசைக்கு மைக்கா ஒட்டுவதுபோல, செல்லுலாய்டு தகடு ஒட்டிக் கல்லாகக் காட்டினார்கள். பின்பலகையில் செய்த இடத்தை அச்சிட்ட காகிதச் சீட்டும் இருக்கும். கரண்ட் இல்லை, வாசலில் சாரல். தீக்குச்சி கிழித்தேன். ‘கனெக்டிகட்’ என்ற அமெரிக்க மாநிலத்தின் பெயர் தெரிந்தது.

“அமெரிக்காதாம்மா!” என்று அவள் பக்கம் திரும்பினேன். குச்சி கடிகாரத்தின் ஓரத்தில் பட்டுவிட்டது.

பிங்பாங் பந்தும் செல்லுலாய்டுதான், நெருப்பருகே கொண்டுபோகாதே என்று வகுப்பில் சொல்லித்தந்தவன் நான். புஸ்ஸென்று பிடித்தது. ஒரு முழம் தள்ளித் தறியில், முதலாளி பட்டு கொடுத்து நெய்யச் சொன்ன, முக்கால்வாசி முடிந்த கல்யாணப் புடவை. சுலோச்சனா எரியும் கடிகாரத்தை இரண்டு கையாலும் தூக்கி மழையில் எறிந்தாள். உருகிய தகடு உள்ளங்கைகளில் ஒட்டிக்கொண்டது.

“பட்டுல பட்டுச்சா பாரு சார்” என்றாள்.

படவில்லை.

அவர்கள் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் கை ஆற மூன்று மாதம் ஆயிற்று; அதுவரை தறி ஓடவில்லை. அந்தப் பணம் மருந்துக்கும் அரிசிக்கும் போனது. வரதன் தாம்பரம் போகவில்லை. மாசியில் இறந்தார்.

ஒரு மணி நேரம் காத்திருந்தால் மழை விட்டிருக்கும். எனக்குத் திரும்பும் பஸ் நினைப்பு. நீங்கள் போவதானால் மழை மாதங்களைத் தவிருங்கள். கையில் டார்ச் இருந்தாலும், பழைய கடிகாரத்தை முதலில் பகல் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து, அதன் பிறகு சீட்டைப் படியுங்கள்.