இனிப்புப் பெட்டிக்குள் இரண்டு பக்கம்

என் அப்பா ஒகிமுரா, தண்ணீர்ப் பம்ப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஆளுங்கட்சியை ஆதரிக்கும் எங்கள் ஊர் வணிகர் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடம் செயலாளர். வருடாந்திர விருந்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று எழுதுபவர் அவர்தான். தன் பெயரைக் கதவோரத்துக் கடைசி இருக்கைக்குப் போட்டுக்கொள்வார்.

சென்ற ஏப்ரலில் சிறப்புப் பேச்சாளராக வந்தவர் ஒரு முன்னாள் அமைச்சர். நான் கட்டுமானப் பொறியாளர். எங்கள் ஊர் ஆற்றின் கரையடியில் மூன்று இடங்களில் நீர் கசிவதை அளந்து, இரண்டு பக்க அறிக்கை எழுதியிருந்தேன். நான்கு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றது மாவட்ட அலுவலகம். அமைச்சர் ஒரு வார்த்தை சொன்னால் மழைக்கு முன்பே வேலை தொடங்கிவிடும்.

"அவர் கையிலயே குடுத்துடுங்கப்பா."

"கதவோரம் உட்கார்ந்தவன் எழுந்து போய் நீட்டறதா? விருந்துக்குக் கூப்பிட்டு மனு குடுத்தா சங்கத்துக்கே கேவலம்மா."

அமைச்சருக்கு அன்பளிப்பாகத் தரவேண்டிய பயறு இனிப்புப் பெட்டியில் அப்பா அறிக்கையை வைத்து, மேலே தாள் சுற்றினார்.

"வீட்ல பிரிக்கும்போது பாத்துக்குவார்."

"பிரிச்சாத்தானே?"

"உனக்கு எதைப் பாத்தாலும் கசிவுதான்."

அமைச்சர் நாற்பது நிமிடம் பேசினார். இந்த ஊரைக் கைவிட மாட்டேன் என்றார். ஒரு வாய் மது அருந்திவிட்டு, சங்கத் தலைவர் ஹிராகுரியின் காரில் ரயிலடிக்குக் கிளம்பினார். கார் திரும்பி மறையும்வரை அப்பா குனிந்தே நின்றார்.

"என்னய்யா செயலாளரே, என் காருக்கா இவ்வளவு கும்பிடு?" என்றார் பக்கத்தில் நின்ற ஹிராகுரி. "வாய்யா, மீன் ஆறுது."

ஜூலையில் கரை உடைந்தது. அறிக்கையில் இரண்டாவதாகக் குறித்த இடம். கடையில் பம்புகளை மேல்தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார் அப்பா. மூன்றாம் நாள் கிடைத்தார்.

இறுதிச் சடங்குக்கு வந்த ஹிராகுரி, அப்பாவின் படத்தின் முன் ஒரு பெட்டியை வைத்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"அன்னைக்கு விருந்துல குடுத்ததும்மா. ரயில்ல சுமை வேணாம்னு அமைச்சரோட உதவியாளர் என் டிரைவர்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டார். எனக்கோ சர்க்கரை. இது ஒரு வருஷம் கெடாது. ஒகிமுராவுக்கு ரொம்பப் பிடிக்குமே."

தாளின் வலது மூலையில் அப்பா எப்போதும் போடும் இரட்டை மடிப்பு. பிரிக்கப்படவில்லை.

நான் குனிந்து நன்றி சொன்னேன்.