பதினோரு நிமிட ஜெபமும் பூங்கனியின் பழ பஜ்ஜியும்

பூங்கனியின் பழ பஜ்ஜியைச் சூடாகத் தின்றவர்கள் இந்தச் சனிக்கிழமை வரைக்கும் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி அவள், இன்னொருத்தி பக்கத்து வீட்டு நாகம்மையாகிய நான். நானும் அடுக்களை வாசல் வழியாகப் போனதால்தான் பிழைத்தேன். முன்வாசல் வழியாகப் போயிருந்தால் எனக்கும் ஆறினதுதான் கிடைத்திருக்கும்.

காரணம் அவள் புருஷன் ரசலையன் அண்ணாச்சி. மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்ல மாட்டார். ஆனால் ஜெபம் பண்ணத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. தக்கலையில் எங்கள் தெரு முழுக்க நாலு மணியானால் சாயாவும், கடி என்று நாங்கள் சொல்லும் பலகாரமும்தான். மற்ற வீடுகளில் குடித்தோமா, கடித்தோமா, வேலையைப் பார்த்தோமா என்று இருப்பார்கள். அந்த வீட்டில் மட்டும் எல்லாம் மேசைக்கு வந்த பிறகு அண்ணாச்சி கண்ணை மூடுவார். நாட்டை ஆள்பவர்கள், வயலுக்கு மழை, கடலுக்குப் போனவர்கள், வளைகுடாவில் உழைப்பவர்கள், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள் என்று வரிசையாக வந்து, கடைசியில்தான் கடியை ஆசீர்வதிக்கச் சொல்லுவார். வாட்ஸ்அப்பில் யாராவது விண்ணப்பம் அனுப்பியிருந்தால் அது தனி. சராசரி பதினோரு நிமிடம். எங்கள் வீட்டில் கற்பூரம் காட்டினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

பழ பஜ்ஜி ஆறக் கூடாத பலகாரம். தோலில் கரும்புள்ளி விழுந்த ஏத்தன் வாழைப்பழமாகப் பார்த்து வாங்கி, நீளவாக்கில் கீறி, மாவில் முக்கித் தேங்காயெண்ணெயில் போடுவாள் பூங்கனி. எடுத்த மூன்று நிமிடத்துக்குள் தின்றால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே பழம் கரைந்து வழியும். அதற்குப் பிறகு எண்ணெயைக் குடித்துத் துவண்டுவிடும்.

இப்படித் துவண்டதை மட்டுமே இருபத்தெட்டு வருடமாகத் தின்றவள் அண்ணாச்சியின் அக்கா தங்கநேசம். நாகர்கோவிலில் இருக்கிறாள். போன மே மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? “பூங்கனிக்க பஜ்ஜிய ரெண்டு நாள் புகையில போட்டா ரப்பர் ஷீட்டுன்னு விக்கலாம்.” ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் ஊர் அல்லவா, சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். பூங்கனி வீட்டுக்கு வந்து என் மடியில் விழுந்து அழுதாள்.

“அக்கா, ஒரே ஒரு மட்டம் அந்த மைனி என் பஜ்ஜியச் சூடா திங்கணும். பொறவு நான் செத்தாலும் செரி.”

“ஏட்டி, பஜ்ஜிக்காவ சாவாத” என்றேன். ஆனால் எனக்கும் நெஞ்சு எரிந்தது.

இந்தச் சனிக்கிழமை நாலு மணிக்குத் தங்கநேசம் வருவதாகச் சேதி வந்தது. பூங்கனி ஒரு திட்டம் போட்டாள். மேசையில் பலகாரம் இல்லாமல் அண்ணாச்சி ஜெபிக்க மாட்டார். அதனால் ஒரு வெறும் பாத்திரத்தை மூடி போட்டு நடுவில் வைத்துவிடுவது. ஜெபம் கடலுக்குப் போகும்போது அடுப்பைப் பற்றவைப்பது. மகன் வேலை பார்க்கும் குவைத்துக்குப் போகும்போது எண்ணெய் காய்ந்திருக்கும். ஆஸ்பத்திரி வந்தால் பழத்தைப் போட வேண்டும். ஆமென் சொல்லவும் பஜ்ஜி மேசைக்கு வரவும் சரியாக இருக்கும். ஒரு வாரம் தினமும் அவர் ஜெபிக்கும்போது, அடுப்பைப் பற்றவைக்காமலே ஒத்திகை பார்த்தோம். ஒரு நொடி பிசகவில்லை.

அப்படியே விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? சனிக்கிழமை காலை கேட் பக்கத்தில் அண்ணாச்சியைப் பார்த்ததும் ஆத்திரம் பொங்கிவிட்டது. “அண்ணாச்சி, ஒங்க ஜெபத்துனாலதான் அந்தப் பிள்ள ஊரு முன்னால மானங்கெட்டு நிக்கா. இன்னைக்காவது சுருக்கிச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். இதைப் பூங்கனியிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாலு மணி. தங்கநேசம் வந்து உட்கார்ந்தாள். நான் அடுக்களையின் உள்வாசலில், மேசை தெரிகிற இடத்தில் காவல். பூங்கனி தீப்பெட்டியோடு கடலுக்காகக் காத்து நின்றாள்.

அண்ணாச்சி கண்ணை மூடினார். “பிதாவே, எல்லாருக்காவும் ஸ்தோத்திரம். இந்தக் கடிய ஆசீர்வதியும். ஆமென்.”

அவ்வளவுதான். தங்கநேசத்தின் கை பாத்திரத்து மூடிக்குப் போனது. பூங்கனி என் முகத்தைப் பார்த்தாள்.

“அக்கா, நீங்க அவருகிட்ட என்னமும் சொன்னியளா?”

“சும்மா... ஒரு வார்த்த...”

என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “ஏங்க! கடலுக்குப் போனவங்கள விட்டுட்டியளே! காத்து இந்த அடி அடிக்கு!”

“ஐயோ, ஆமா” என்று அண்ணாச்சி மறுபடி கண்ணை மூடினார். ஜெபத்தில் மூடியைத் திறக்க முடியுமா? தங்கநேசம் கையை இழுத்துக்கொண்டாள். இங்கே அடுப்பு பற்றியது. அடுத்த ஆமென் வந்தது.

“குவைத்துல நம்ம பெனிஷ் கெடக்கான். பெத்த மொவன மறந்தாச்சா?”

மகனுக்கு ஒரு ஜெபம். எண்ணெய் காய்ந்தது.

“மைனிக்க முட்டு வலி?”

அதற்கும் ஒன்று. பழம் எண்ணெயில் விழுந்தது. ஆனால் வேக இன்னும் நேரம் வேண்டும், பூங்கனிக்கோ ஜெபிக்கச் சொல்ல ஆள் தீர்ந்துவிட்டது. விரலை மடக்கி மடக்கி யோசிக்கிறாள், ஒருவரும் அகப்படவில்லை.

இந்த முறை அண்ணாச்சி ஆமென் சொல்லவில்லை. தானாகவே தொடர்ந்தார்.

“அடுக்களையில நிக்குத எனக்க பூங்கனிக்காவ ஜெபிக்கேன் ஆண்டவரே. இருபத்தெட்டு வருசமா ஊருல உள்ளவனுக்கெல்லாம் கேட்டேன், இவளுக்கு ஒரு நாளும் கேக்கல்ல. காய்ச்சல் அடிச்சாலும் நாலு மணிக்கு இவ அடுப்புக்க முன்னால நிப்பா. இவளுக்குப் பெலன் தாரும்.”

பூங்கனி பஜ்ஜி அரித்தெடுக்கும் கண்ணாப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. சட்டியிலிருந்து புகை வந்தது.

“ஏட்டி, கருகுது!”

“இருங்க அக்கா. கேக்கட்டு.”

ஜெபம் முடிந்த பிறகுதான் பஜ்ஜியை எடுத்தாள். ஒரு பக்கம் முழுக்கக் கறுத்திருந்தது. நானாக இருந்தால் வெளியே கொண்டுபோயிருக்க மாட்டேன். அவள் தட்டில் அடுக்கி, வெறும் பாத்திரத்தைத் தள்ளிவிட்டுத் தங்கநேசத்தின் முன்னால் வைத்தாள். தங்கநேசம் ஒரு கடி கடித்து, நாக்கு வெந்துபோய், திறந்த வாயைக் கையால் விசிறினாள்.

“கருகிப் போச்சே, பூங்கனி!”

“கருகட்டு மைனி. சூடா இருக்கில்லியா? தின்னுங்க” என்று சொல்லிவிட்டு, பூங்கனி ஒரு நாற்காலியை இழுத்து அண்ணாச்சியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, தானும் ஒன்றை எடுத்துத் தின்றாள்.