எட்டால் வகுத்தவர்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது, சம்பளப் பட்டியலில். மற்ற இடங்களில் அவர் ‘எட்டு’. மருத்துவமனையின் எந்த மாடியில் நின்று “எட்டு எங்கே?” என்று கேட்டாலும் லிஃப்டுக்குப் பக்கத்து அறையைக் கை காட்டுவார்கள்.

இருபத்தாறு வருடமாக அங்கே தொலைபேசி லைன், டேட்டா லைன் எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய வேதம் ஒரே வரி. கம்பிக்காரர்கள் வேகத்தை பிட்டில் சொல்வார்கள். சேமிப்புப் பெட்டிக்காரர்கள் பைட்டில் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். உலகத்தில் நடக்கும் ஏமாற்றில் பாதி இந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறது என்று அவர் மனதார நம்பினார். விற்பனைக்காரர் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து “நூறு சார், முழுசா நூறு” என்றால், இவர் நிமிராமலே “பன்னிரண்டரை” என்பார். டைக்காரர் முகத்தில் ஈயாடாது.

பழக்கம் மெல்ல வெளியே கசிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தினம் எட்டு கிலோமீட்டர் நடப்பதாகச் சொன்னால் இவர் மனசுக்குள் ஒன்று என்று குறித்துக்கொள்வார். மச்சினன் பேச்சை இரண்டு தடவை வகுப்பார். மனைவி கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அவர் அரை மணியில் வருகிறேன் என்றால், நாலு மணி நேரம் கழித்து அடுப்பைப் பற்றவைப்பாள். ஒருநாளும் சோறு ஆறிப் போனதில்லை.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. அலகு போடாமல் யாராவது எண் எழுதினால், உடுப்பில்லாமல் தெருவில் இறங்கியவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

பழைய கட்டடத்தை இடிக்கத் தேதி குறித்தபோது வந்தது வினை. ஒன்பது நாளில் சாவியை ஒப்படைக்க வேண்டும். அதன் தரைத்தளத்தில் ஒரு கிழட்டுச் சேமிப்புப் பெட்டி. அதற்குள் இரண்டு டெராபைட் ஸ்கேன் படங்கள். பெட்டியைத் தூக்கிப் போகலாம்தான். ஆனால் ஒரு தடவை அணைத்தால் அது மறுபடி எழுந்திருக்கும் என்று ஜாமீன் கொடுக்க ஆளில்லை. ஓடும்போதே லைன் வழியாகப் புதுக் கட்டடத்துக்குப் படங்களை இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் போனதுதான். இன்று ஒருவர் நெஞ்சில் தெரிகிற புள்ளி பத்து வருடம் முன்பும் இருந்ததா என்று கேட்டால், கையை விரிக்க வேண்டியதுதான்.

கூட்டம் போட்டார்கள். பெரிய டாக்டர் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “எத்தனை நாள் ஆகும்?” என்றார்.

“ஆறு நாள் சார்,” என்றாள் பெட்டிக்காரம்மா. சேமிப்புப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் முன்பு சேர்ந்தவள்.

‘எட்டு’ தன் சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்துப் பார்த்தார். ‘பழைய கட்டடம் – 4’ என்று அவர் கையெழுத்தில் இருந்தது. அவர் பார்ப்பது பதினொரு லைன்; ஒவ்வொன்றும் ஒரு வேகம். எல்லாவற்றையும் தலையில் சுமக்க அவர் என்ன கழுதையா?

“நாப்பத்தாறு,” என்றார்.

“நேத்து போன்ல நீங்கதானே அண்ணே நாலுன்னு சொன்னீங்க?”

“சொன்னேன். பைட்டுனு சொன்னேனா?”

எழுந்து பலகையில் 4 எழுதினார், எட்டால் வகுத்தார், அரை என்று போட்டு அடியில் இரண்டு கோடு இழுத்தார். “வினாடிக்கு அரை மெகாபைட். ரெண்டு டெரா நகர நாப்பத்தாறு நாள். இதெல்லாம் கம்பியோட வாழ்ந்தவனுக்குத்தாம்மா தெரியும்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் தன் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். ஒன்பது நாளில் ஐந்தில் ஒரு பங்குதான் போகும் என்றால் புதுப் படங்கள் மட்டும் போகட்டும், மற்றதை அழித்துவிடலாம் என்றார் பெரிய டாக்டர். அழிக்கும் உத்தரவில் நாளைக் காலை பத்து மணிக்குக் கையெழுத்து.

மறுநாள் காலை, துணி ஊறவைக்கும் முன் மனைவி அந்தச் சட்டைப் பையைத் துழாவினாள்.

“ஏங்க, இந்த டிக்கெட் வேணுமா? பின்னாடி ஏதோ கணக்குப் போட்டிருக்கீங்க. முப்பத்திநாலு வகுத்தல் எட்டு.”

பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். அது முப்பத்துநாலு மெகாபிட் லைன். பஸ்ஸிலேயே வகுத்தாயிற்று. நாலு என்பது வகுத்து, சில்லறையை விட்டு எழுதிய மெகாபைட். வகுத்ததையே மறுபடியும் வகுத்திருக்கிறார். எல்லாம் இருக்கட்டும், அந்த நாலுக்குப் பின்னால் அலகு இல்லை. உடுப்பில்லாமல் நின்றது.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. எட்டு மடங்கு முட்டாளாயிட்டேன்.”

“நீங்க சொன்னா நான் எட்டால பெருக்கித்தான் எடுத்துக்குவேன்,” என்று அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பஸ்ஸில் அவர் பல வழி யோசித்தார். லைனை ‘மேம்படுத்தியதாக’ச் சொல்லலாம். எட்டு மடங்கு வேகம் கூடியது என்றால் பெரிய டாக்டர் பாராட்டுக்கூடச் சொல்வார். பொய் நன்றாகத்தான் இருந்தது. பளபளப்பாக, டை கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கே வகுக்கத் தோன்றியது.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்க அறைக்குள் போனார். பெரிய டாக்டர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெட்டிக்காரம்மா ஓரமாக நின்றாள்.

“கையெழுத்து வேணாம் சார். ஆறு நாள்தான். இந்தம்மா சொன்னது சரி. நான் ரெண்டு தடவை வகுத்துட்டேன்.”

“எதை?”

“நாலை.”

பெரிய டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் ரொம்ப யோசிப்பதுபோல் தலையாட்டிவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டார்.

வராந்தாவில் அவள் கேட்டாள்: “ரெண்டு தடவை எட்டால வகுத்தா மொத்தம் எத்தனையால வகுத்த மாதிரி அண்ணே?”

“தெரிஞ்சுக்கிட்டே கேக்காதம்மா.”

படங்கள் போய்ச் சேர ஆறரை நாள் ஆனது. நடுவில் ஒரு மதியம் லைன் படுத்துக்கொண்டது. அதற்குள் எல்லா மாடியிலும் அவர் பெயர் ‘அறுபத்திநாலு’ ஆகியிருந்தது. முதல் இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார். பிறகு, பழைய தொலைபேசிக் கம்பியில் ஒரு மனிதக் குரல் போக வினாடிக்கு அறுபத்துநாலு கிலோபிட்தான் வேண்டும் என்பதும், ஆய கலைகளும் அவ்வளவுதான் என்பதும் நினைவுக்கு வந்தன. மோசமான எண் இல்லை.

இப்போது யாராவது “அறுபத்திநாலு” என்று கூப்பிட்டால் நிமிர்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்: “என்ன அலகு?”