கோழி கொத்துகிற கிதார்

எங்கள் திருச்செங்கோட்டில் ராக் என்றால் பாறை. போர்வெல் போடும் ரிக் லாரிகளின் ஊர் அது. "நூத்தியம்பது அடியிலயே ராக் வந்துருச்சுங்க" என்று டீக்கடையில் நான்கு பேர் பேசிக்கொண்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு மதியம் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு "ராக் வேற, நான் வாசிக்கறது வேற" என்று என்னிடம் சொன்னபோது, ரிக்கில் டிரில்லராக இருந்த அப்பா சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஏன் மாப்ள, பதினஞ்சு வருசமா ராக்கை ஓட்டை போட்டுட்டு இருக்கறவன் நானு. எங்கூட்டுலயே உக்காந்துட்டு ராக்கைப் பத்திப் பாடம் நடத்தறியா?"

"அது இல்லீங்க மச்சான். நம்முளுது கன்ட்ரி. நாட்டுப்புறத்து வாசிப்பு."

"நாட்டுக்கோழி தெரியும். நாட்டுத் தக்காளி தெரியும். இதென்னடா நாட்டுக் கிதாரு?"

மாமா சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டார். அவர் யாரையும் எதிர்த்துப் பேச மாட்டார். நானும் அப்படித்தான். வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் விடை தெரிந்தாலும் எழுந்து நிற்பேனே தவிர வாய் திறக்க மாட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் நான் தாராளமாகப் பேசிய ஒரே ஆள் மாமாதான்.

அவர் ஈரோட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே ரயில்வே காலனியில் இருந்த ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கிதார் பழகியிருந்தார். பட்டறையை மூடிவிட்டதும் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிதாரோடும் துணிப்பையோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வித்தியாசத்தை எனக்கு அவர் வாசித்தே காட்டுவார். ராக் வாசிக்கிறவர்கள் ஒரு கம்பியை அழுத்தி மேலே தள்ளி, அப்படியே பிடித்துக்கொள்வார்கள். காலடியில் ஒரு பெட்டி இருக்கும். அதை மிதித்தால் அந்தச் சத்தம் கரகரத்துக்கொண்டு அணையாமல் நிற்கும். ப்ளூஸ் என்று இன்னொன்று. அதில் கம்பியை முழுதாகத் தள்ள மாட்டார்கள். இரண்டு சுரங்களுக்கு நடுவில் எங்கேயோ விட்டுவிடுவார்கள். தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே நடப்பார்கள். கோபித்துக்கொண்டு சோறு வேண்டாம் என்று உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருக்கும். அம்மா அடுப்படியிலிருந்து, "ப்ளவுஸா? பொட்டப்புள்ளகிட்ட அதப்பத்தி என்னடா பேச்சு?" என்று கேட்டாள். அன்று முழுக்க நானும் மாமாவும் சிரித்தோம்.

அவருடைய வாசிப்பில் பெட்டி கிடையாது. பிக் என்கிற சின்ன பிளாஸ்டிக் வில்லையால் ஒரு கம்பியை அடிக்கும்போதே நடுவிரலால் அடுத்த கம்பியைப் பிடுங்கி விடுவார். ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக, சுருக்கமாக, டொக் டொக்கென்று விழும். ஒரு கம்பி அசையாமல் நிற்க, பக்கத்துக் கம்பி மெல்ல ஏறி அதனோடு வந்து சேரும். பாட்டுக்குள் சுரக்கூட்டு, அதாவது கார்டு, மாறும்போதெல்லாம் அவர் விரல்களும் இடம் மாறும். ராக்காரர்கள் ஒரே இடத்தில் நின்று சமாளித்துவிடுவார்கள் என்பார். இந்த வாசிப்புக்கே கோழி கொத்துவது என்றுதான் இங்கிலீஷில் பெயராம். அதைச் சொன்னதும் அப்பாவுக்கு இன்னும் வசதியாகிவிட்டது. "கோழி கொத்தறதுக்கு எதுக்கு மாப்ள கரண்டு?"

கேலியெல்லாம் ஒரு பக்கம். அப்பாவுக்குக் கவலையும் இருந்தது. இருபத்தாறு வயது ஆள் வீட்டில் சும்மா இருக்கக்கூடாது. திங்கட்கிழமை அவருடைய ரிக் மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்புகிறது. எட்டு மாதம் கழித்துத்தான் திரும்பும். துளைக்குள் இறக்கும் இரும்பு ராடுகளை ஒன்றோடொன்று மாட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். மாமாவையே கூட்டிப் போவது என்று முடிவு செய்திருந்தார். ராடு மாட்டும் வேலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு விரல்கள் முழுதாக இல்லை.

அந்த வாரம்தான் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் கிதார்காரர் விலகிவிட்டார் என்ற செய்தி வந்தது. ஞாயிறு காலை சங்ககிரி ரோட்டிலுள்ள கல்யாண மண்டபத்துக்கு அவர்கள் வருகிறார்கள், வந்து வாசித்துக் காட்டலாம் என்றார்கள். அப்பா ஒத்துக்கொண்டார். "எடுத்துக்கிட்டாங்கன்னா இங்கயே இரு. இல்லீனா திங்கக்கெழம வண்டி ஏறு. அப்பறம் பேச்சு மாறக்கூடாது." மாமா தலையாட்டினார். நான் அழுது அடம்பிடித்து அவர்களோடு போனேன்.

மண்டபத்தின் பின்னறையில் டிரம் செட், கீபோர்டு, ஸ்பீக்கர்கள் எல்லாம் இறக்கி வைத்திருந்தார்கள். ஆர்கெஸ்ட்ராவின் தலைவர் கீபோர்டு வாசிக்கிறவர். அப்பா வயது இருக்கும். ஒரு சின்ன இரும்புப் பெட்டியில் ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றைப் புதிதாகப் போட்டு, திருகு தொலைந்துபோன மூடியை ரப்பர் பேண்டால் கட்டி, மாமா உட்காரவேண்டிய ஸ்டூலுக்கு முன்னால் வைத்தார்.

"தம்பி, பெட்டிய மிதிச்சுக்கிட்டு நல்ல ராக்கா ஒரு இன்டர்லூடு. அவ்வளவுதான் டெஸ்ட்டு. வாங்க, மொதல்ல டீ குடிப்போம்."

"செஞ்சர்லாங்ணா" என்றார் மாமா. அவர் முகம் வாடியதாக எனக்குத் தோன்றியது.

எல்லோரும் டீக்குப் போனார்கள். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதை மிதித்தால் மாமா மற்ற ஆட்களைப் போலத்தான் வாசிப்பார். பத்தோடு பதினொன்று என்று அனுப்பிவிடுவார்கள். இது இல்லாவிட்டால் கோழி கொத்துவார். அதைக் கேட்ட பிறகு யாராவது அவரை விடுவார்களா? எனக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ரப்பர் பேண்டைக் கழற்றினேன். பேட்டரியை ஒயரிலிருந்து பிடுங்குவது நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. மூடியை வைத்து ரப்பர் பேண்டை மாட்டி நிமிர்ந்தபோது எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். அப்பா என் வலப்பக்கம் வந்து நின்றார். என் பாவாடையில் பை கிடையாது. பேட்டரி இடது கையிலேயே இருந்தது.

டிரம்ஸ்காரப் பையன் தாளம் எடுத்தான். மாமா பெட்டியை மிதித்து ஒரு கம்பியைத் தள்ளினார். சத்தமே வரவில்லை. மறுபடி மிதித்தார். டொக்கென்று வெறும் கிதார் கேட்டது. இன்னொரு மிதி. மறுபடி ஊமை.

"என்ன தம்பி?"

"பெட்டி பேச மாட்டேங்குதுங்ணா."

"காலைல புது பேட்டரி போட்டனே!" தலைவர் மண்டியிட்டு, ரப்பர் பேண்டில் விரலை மாட்டினார். அப்பா அடித்தால் தடம் மூன்று நாளைக்கு இருக்கும். அதுவும் வெளி ஆட்கள் முன்னால் மானம் போனால் எப்படி அடிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. கையை இறுக்கிக்கொண்டு நின்றேன். மாமா நிமிர்ந்தார். ஒரு நிமிஷம் என் பக்கம் பார்த்தார்.

"இருக்கட்டுங்ணா, தொறக்க வேண்டாம்" என்றார். "பெட்டி இல்லாமயே வாசிக்கறனுங்க."

"இல்ல தம்பி, ஒரு நிமிசம், ஒயரைப் பாத்தர்லாம்."

"வேண்டாங்ணா. எனக்கு இதுதான் பழக்கம்." அவர் யாரையும் மறுத்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தலைவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து கீபோர்டுக்குப் போனார்.

மாமா வாசித்தார். விரல்கள் ஓடிய ஓட்டத்தில் எது பிக், எது விரல் என்றே தெரியவில்லை. டிரம்ஸ்காரப் பையன் வாயெல்லாம் பல்லாக, "அண்ணா, கோழி வெரட்டற மாதிரியே இருக்குதுங்ணா!" என்று கத்தினான். அப்பாகூடக் காலால் தாளம் போட்டார். அவ்வளவுதான், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"இப்ப மேல போங்க தம்பி. பாட்டுக்காரரு மூச்சு வாங்கற எடம். நிக்கோணும், அப்படியே நிக்கோணும்" என்றார் தலைவர்.

மாமா கம்பியைத் தள்ளிப் பிடித்தார். சத்தம் ஏறியது, இரண்டு தாளத் தட்டுக்குள் அணைந்துவிட்டது. மறுபடி அடித்தார். அதுவும் அணைந்தது. விடாமல் வேகமாக அடித்துப் பார்த்தார். டிரம்முக்கு முன்னால் அது தகரத்தில் மழை பெய்வது மாதிரி இருந்தது. அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கை சுத்தமா இருக்குது தம்பி, பொய் சொல்லக் கூடாது. ஆனா அடிச்சதும் செத்துப் போவுது. நம்ம பாட்டுக்கு கிதாரு அழுதுக்கிட்டே நிக்கோணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

"பரவாயில்லீங்ணா" என்று மாமா கிதாரை உறையில் போட்டார்.

வெளியே வந்ததும் அப்பா, "அப்ப நாளைக்குக் கெளம்பு மாப்ள" என்றார். குரலில் கேலி இல்லை. மண்டபத்துச் சாக்கடையில் பேட்டரியைப் போட்டுவிட்டு அவர்கள் பின்னால் ஓடினேன்.

அன்று சாயங்காலம் மாமா துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரைத் தேற்றுவதாக எனக்கு நினைப்பு.

"பெட்டி வேண்டாம்னு சொன்னீங்கள்ல மாமா, அதுதான் நல்லா இருந்துச்சு."

"உனக்குப் புடிச்சுதா அம்மிணி?"

"ரொம்ப."

"அப்பச் செரி" என்று சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

எட்டு மாதம் கழித்துப் பத்து விரல்களோடும் திரும்பி வந்தார். ஆனால் விரல்நுனியில் இருந்த காய்ப்பு மறைந்து, உள்ளங்கையில் புதிதாகக் காய்த்திருந்தது. கிதாரை எடுத்து இரண்டு நாள் வாசித்தார். பிறகு மறுபடி வண்டி ஏறிவிட்டார். இப்போது ராய்ப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறார். விசேஷங்களுக்கு வரும்போது அன்றைய காலையைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

பெட்டி வேண்டாம் என்று அவர் சொன்னது தன் வாசிப்பின் மேலிருந்த ரோஷத்தால் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அதை மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். இப்போது நினைத்தால் அந்த அறையில் யார் எங்கே இருந்தோம் என்பதுதான் முதலில் வருகிறது. தலைவர் எனக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டிருந்தார். டிரம்ஸ்காரப் பையன் மூலையில். அப்பா என் வலப்பக்கம். ஒன்பது வயதுக் கை எவ்வளவு இறுக்கி மூடினாலும் அந்த அளவு பேட்டரி அதற்குள் அடங்காது. எப்படியும் ஒரு முனை வெளியே தெரிந்திருக்கும். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவர் மாமா ஒருவர்தான்.