வெள்ளைக்காரப் பிள்ளைகளின் நோய்

நான் சாப்பிட உட்காருமுன் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வதை நீங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறீர்கள். எல்லா வீட்டு அப்பாக்களும் செய்கிற வேலை அது என்றே சின்னவன் நினைத்துக்கொண்டிருந்தானாம். அந்த ஊசி என்னிடம் வந்து சேர்ந்த கதையைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தோம். அந்த மழைக்காலத்தில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாமல் போயிற்று. எப்போதும் தாகம். குழாயில் வாயை வைத்துக் குடிப்பேன். வீடு திரும்புவதற்குள் சிறுநீர் முட்டும். போய்விட்டு வந்தால் மறுபடியும் நாக்கு காய்ந்துவிடும். வகுப்பில் நான் கையைத் தூக்குவதைப் பார்த்துச் சலித்துப்போன வாத்தியார் என்னைக் கதவோரமாகவே உட்காரவைத்துவிட்டார். உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருக்கும். எழுந்தால் கால் வலிக்கும். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. அம்மா கயிறு கட்டிவிட்டார்.

"ஒடம்புச் சூடு" என்று லயமே முடிவு செய்தது. காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிற ஊரில் சூடு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சூட்டுக்கு மருந்து பார்லித் தண்ணீர். அதில் கற்கண்டு போட வேண்டும். அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு ஒரு பானை காய்ச்சுவார். பாசம் கூடக் கூடக் கற்கண்டும் கூடியது. குடித்தால் தாகம் இன்னும் எடுத்தது. தாகம் எடுத்ததால் இன்னொரு பானை காய்ச்சினார்.

ஒரு நாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பி வாசலிலேயே வாந்தி எடுத்தேன். மலையேறி வந்தவனைப் போல மூச்சு இரைத்தது. வாயில் அழுகின பழத்தின் வாசம் அடிக்கிறது என்றார் அம்மா. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். என் மாமாவும் பின்னால் ஓடிவந்தார். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி ஒன்று நின்று எங்களை ஏற்றிக்கொண்டது. "தண்ணி, தண்ணி" என்றேன். "தோ வந்துருச்சுய்யா, தோ வந்துருச்சு" என்று ஆஸ்பத்திரி இருந்த தானா ராத்தா வரைக்கும் வளைவுக்கு வளைவு பொய் சொல்லிக்கொண்டே வந்தார் அப்பா.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சீனர். அவர் மலாயில் சொன்னதைத் தாதி தமிழில் சொன்னார். தாதியை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஒங்க பையனுக்கு இனிப்பு நீருண்ணே. சக்கர வியாதி."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேற யாரு ரத்தத்தையோ மாத்திப் பாத்துட்டீங்க மிஸ்ஸி. இனிப்பு நீரு ஆபீசுல கணக்கெழுதுற கிராணிக்கு வரும். ஒக்காந்து சாப்புடுறவங்களுக்கு வரும். இவன் எங்க ஒக்காருறான்?"

"அது வேற, இது வேறண்ணே. இது சாப்பாட்டால வர்றதில்ல. அவன் ஒடம்பே சக்கரைய அடக்குற உறுப்பைக் கெடுத்துக்கிருச்சு. தெனமும் ஊசி போடலன்னா பையன் தங்க மாட்டான்."

டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: குளிர் நாட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இந்த நோய் நிறைய வருகிறது, நம் பக்கத்தில் இதை அவர் அதிகம் பார்த்ததில்லையாம்.

நான் பிழைத்து வீடு திரும்பியபோது மாமா இந்தச் செய்தியை லயம் முழுக்கப் பரப்பியிருந்தார். "வாங்க சின்னத்தொரை! நம்ம தோட்டத்துலயே வெள்ளைக்காரன் நோய் வாங்குன மொத ஆளு நீங்கதான்லா!"

குளிர்தான் காரணம் என்று லயம் இப்போது புதிதாக முடிவு செய்தது. பிள்ளைகளின் காதை மறைத்துக் கம்பளித் தொப்பி ஏறியது. கீழே ரப்பர் தோட்டத்துக்கே மாறிவிடலாமா என்று ஒருவர் யோசித்தார். எங்கள் வீட்டில் பனிப்பெட்டி கிடையாது. மருந்தைக் கெடாமல் காத்ததும் அதே குளிர்தான். அதை ஒருவரும் சொல்லவில்லை. அம்மா கண்ணாடி ஊசிக்குழலைச் சட்டியில் கொதிக்கவைக்கும்போது பிள்ளைகள் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

முதல் ஆள் என்பதை நானும் வெகுகாலம் நம்பினேன். இன்று கிளினிக்குக்குப் போனால் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் என்னோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பலர் குளிரே தெரியாத ஊர்க்காரர்கள். முன்பு அரிதாக இருந்த நாடுகளிலும் இது கூடி வருகிறது, முழுக் காரணம் இன்னும் பிடிபடவில்லை என்கிறார் அங்குள்ள டாக்டர். அந்தக் காலத்தில் நோய்க்குப் பெயர் வைக்காமலே புதைத்துவிட்ட பிள்ளைகளையும் சேர்த்தால்தானே கணக்குச் சரியாகும் என்றும் சொன்னார். உங்களுக்குத் தெரிந்த பிள்ளை எதுவாவது காரணமில்லாமல் இளைத்து, தண்ணீரும் கழிப்பறையுமாக அலைந்தால், சூடு என்று சொல்லி வீட்டில் வைத்திருக்காதீர்கள். அன்றே ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் வீடு திரும்பிய அந்த நாளில், வேடிக்கை பார்த்த கூட்டமெல்லாம் கலைந்த பிறகு பக்கத்து வீட்டு அத்தை வந்தார். அவருடைய மூத்த மகன் நான் பிறப்பதற்கு முன்பே சின்ன வயதில் இறந்துபோனவன். காற்று கருப்பு அடித்து வற்றிப்போய்விட்டான் என்று லயத்தில் சொல்வார்கள். அத்தை என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ரொம்பத் தண்ணி குடிச்சியாடா?"

"ஆமாத்தை. கொடம் கொடமா."

"கடேசில மூச்சு வாங்குச்சா? வாயில பழ வாசம் வந்துச்சா?"

"வந்துச்சே! அம்மாதான் சொன்னாங்க." நேரில் பார்த்ததைப் போல இவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஆச்சரியம்.

அத்தை ஊசிக்குழலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மருந்து இப்பத்தான் புதுசா வந்துச்சாய்யா?"

மிஸ்ஸி எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். "இல்லத்தை. எங்கப்பா பொறக்குறதுக்கு முன்னாடியே இருக்காம்!"

அத்தை எழுந்து போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு வெகுநாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்துவிட்டார் போலும் என்று நினைத்தேன். ஆகவே ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டு வரும்போது அந்தக் கதவுக்கு வெளியே நின்று, அவருக்குத் தைரியம் வரட்டும் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவேன்:

"பயப்படாதீங்கத்தை, இது யாருக்கும் ஒட்டாது. ஊசி போட்டா சாக மாட்டாங்க."