வெள்ளைப் பக்கமும் செவலை மாடும்

கை நிறைய வைக்கோல். பொம்மைக்குச் சுத்திக்கிட்டே நடுநடுவுல எழுதறேன். உடையற சாமானை விக்கிற தொழில்ல பாதி வேலை சுத்துறது, மீதி வேலை போன் எடுக்கிறது. பேசவே கூச்சப்படற என்கிட்டதான் அந்தப் போனு. கடை போன் எடுக்கிற புண்ணியவதிகளே, உங்களுக்கு இது புரியும்.

வெள்ளைச் சாமான்

நானும் வூட்டுக்காரரும் அச்சுல வார்க்கிற பீங்கான் பொம்மைங்களுக்கு நாத்தனார் ரோசி இணையப் பக்கம் செஞ்சா. அவ போன்ல ஒவ்வொரு பொம்மையும் சுத்திச் சுத்தி ஆடும். திட்டக்குடியில ஃபேன்சி ஸ்டோர் வச்சிருக்கிற மேரியக்கா, கிறிஸ்துமஸ் குடில் செட்டு மொத்தமா எடுக்கிறதா சொல்லியிருந்தாங்க. அந்த ஆர்டரை நம்பித்தான் சூளையே ஏத்தினோம். லிங்க் அனுப்பினதும் போன் வந்துது. "ஏம்மா, ஒரே வெள்ளையா இருக்குது. கலர் பூசாத பொம்மைதான் விக்கிறீங்களா?"

எந்த சர்வர்?

ரோசி தலையில கை வச்சா. பக்கத்தைப் பாக்கிறவங்க போனே கட்டிக்கிற மாதிரி எழுதிட்டாளாம். மேரியக்காவோட பழைய போனு திணறி, வெறும் வெள்ளையா நிக்குதாம். சர்வர்லயே கட்டி அனுப்பணுமாம். எனக்குத் தெரிஞ்ச சர்வர் பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல இட்லி வைக்கிறவருதான். "அவரு எதுக்கு நடுவுல?"ன்னு கேட்டுட்டேன். சிரிச்சு ஓய்ஞ்சப்புறம் சூளையைக் கை காட்டினா. "சர்வர்னா நம்ம பக்கத்தை வச்சிருக்கிற கம்ப்யூட்டரு. சுடாத பச்சைப் பொம்மையை அனுப்பி, நீங்களே சுட்டுக்குங்கன்னு சொல்லியிருக்கோம் அண்ணி. மேரியக்கா வூட்டுல ஏது சூளை?"

சாத்தித் திறக்கிற கடை

ரோசி பக்கத்தை சர்வர்லயே சுட்டு அனுப்பிட்டா. குடில் பளிச்சுன்னு வந்துதாம். மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துக்கிட்டேன், அவசரப்பட்டுட்டேன். கலரை மாத்திப் பாக்கத் தொடும்போதெல்லாம் பக்கம் முழுசும் போயிப் போயி வந்துது. மேரியக்காவுக்குப் பொறுமை போயிடுச்சு. "மாட்டைச் செவலையா காட்டுன்னா மொத்தக் கடையையும் சாத்தித் திறக்கறியே! நான் வேற எடம் பாத்துக்கறேன்."

நானே போட்ட போனு

ரோசி சோத்தை ஆறப் போட்டுட்டு உக்காந்தா. பொம்மையும் விலையும் நம்ம சூளையில வெந்தே போவும், கலரை மட்டும் அவங்க போனு பூசிக்கும்னு மாத்தினா. ஆனா மேரியக்காகிட்ட யாரு சொல்றது? நானே போன் போட்டேன். "இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்கக்கா. புடிக்கலன்னா திட்டுங்க, ஆனா பாத்துட்டுத் திட்டுங்க." பக்கத்தைத் தொறந்து மாட்டைத் தொட்டுப் பாத்தாங்க போல. அப்புறம் சிரிப்பு. "செவலை மாடு நல்லாருக்குது, சொன்ன செட்டு எல்லாத்தையும் கட்டிடு. ஆமா, உனக்குப் பேசக்கூட வருமா?"

எது நம்ம சூளையில வேகணும், எதை அவங்க கையில விடணும்னு தெரிஞ்சிட்டா இந்தத் தொழில்ல கஷ்டமே இல்ல, ஒரே ஒரு கஷ்டம் என்னன்னா, இருங்க, ரோசி கத்தறா, "அண்ணி, உங்க புள்ள குடில் பொம்மையில சூசையப்பரு தலையை வாயில வச்சிடுச்சு!" இதோ ஓடறேன்.